நான் அடித்த ஹாரன்

அப்பா,

உங்களுக்கு எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நீங்கள் இருந்தபோது கைபேசியில் ‘சாப்பிட்டேன்’, ‘வந்துட்டேன்’ என்பதற்கு மேல் எதுவும் அனுப்பாதவள் நான். நேற்றுக் காலை கூலிம் தொழிற்பேட்டைச் சாலை நெரிசலில், முன்னால் நின்ற கம்பெனி பஸ்ஸின் டீசல் புகை என் காருக்குள் வந்தது. உங்கள் சட்டையின் வாடை. அது வந்த பிறகும் நான் அப்படிச் செய்தேன் என்பதால்தான் எழுதுகிறேன்.

பள்ளி நாட்களில், தொழிற்சாலைப் பெண்களுக்காக நீங்கள் ஓட்டிய பஸ்ஸில்தான் நானும் போவேன். தோட்டத்து முனையில் சரசு அக்கா ஒரு நாளும் நேரத்துக்கு நின்றதில்லை. குழந்தையைத் தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு செம்மண் பாதையில் ஓடி வருவார். பஸ்ஸை விட்டால் அன்றைய வேலையோடு, ஒரு நாளும் தவறாமல் வந்தால் தரும் அந்த மாத வருகைப்படியும் போய்விடும். நீங்கள் காத்திருப்பீர்கள். பின்னால் கார்கள் கத்தும்.

“அண்ணே, பின்னால உள்ளவன் ஹாரனைப் பிச்சிருவான் போல!” என்று பெண்கள் சிரிப்பார்கள்.

“அடிக்கட்டும்லா. அவன்கிட்ட ஹாரன் இருக்கு. அவகிட்ட காலுதானே இருக்கு.”

பிறகு, தெரிந்தவர் யாரோ கூப்பிட்டதுபோல் பக்கக் கண்ணாடியைப் பார்த்துக் கையை உயர்த்துவீர்கள். பஸ் முழுக்கச் சிரிப்பு. நான் மட்டும் புத்தகப் பையில் முகத்தை மறைத்துக்கொள்வேன். ஊரே நம்மைத் திட்டுவதுபோல் இருக்கும் எனக்கு. மூச்சிரைக்க ஏறும் அக்காவிடம், “ஏறும்மா, நானே இப்பத்தான் வந்தேன்” என்பீர்கள். தினமும் அதே பொய்.

நேற்று எனக்குக் காலையிலேயே அலுவலகத்தில் கூட்டம். ஒரு பழைய தோட்டத்து நுழைவாயிலில் அந்த பஸ் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றது. மோட்டார் சைக்கிள்கள் இருபுறமும் நுழைந்து போயின, எனக்கு வழியில்லை. முதலில் ஹாரனை லேசாகத்தான் அடித்தேன். பிறகு கையை எடுக்கவே இல்லை. நாலு பேர் முன்னால் வாயைத் திறக்காத எனக்கு, அவ்வளவு பெரிய சத்தம் என்னுடையது என்பது சுகமாக இருந்தது, அப்பா. பின்னால் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பஸ்ஸின் கதவு மூடியது. பஸ் நகர்ந்துவிட்டது.

அப்போதுதான் ஓர் அக்கா ஓடி வந்தார், சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்தபடி. போகிற பஸ்ஸைப் பார்த்தார். பிறகு என் காரைப் பார்த்தார். அவர் போட்டிருந்தது எங்கள் கம்பெனிச் சட்டை. என் இடப்பக்க இருக்கையில் கணினிப் பை மட்டும்தான் இருந்தது.

நான் நிறுத்தவில்லை. அவசரத்தால் அல்ல. கண்ணாடியை இறக்கினால், ஹாரன் அடித்தது யார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். நேராகப் பார்த்துக்கொண்டே போய்விட்டேன்.

கூட்டம் தொடங்கத் தாமதமாயிற்று. மேலாளரும் அதே நெரிசலில் மாட்டியிருந்தார். “ரோட்ல ஜேம் தெரியும்லா, ரிலேக்ஸ்” என்று எல்லாரும் காபி குடித்தார்கள். எங்களை யாரும் ஏன் லேட் என்று கேட்கவில்லை. அந்த அக்காவைக் கேட்டிருப்பார்கள்.

நம் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்று பஸ்ஸில் ஏறிய ஒவ்வொருவரிடமும் நீங்கள் சொன்னீர்களாம். அவர்களில் யாராவது நேற்று அந்த பஸ்ஸின் பின் சன்னல் வழியாகப் பார்த்திருப்பார்களோ என்று நினைத்தால் உடம்பு கூசுகிறது. இன்று அந்தப் பக்கமே போகாமல் சுற்றுப் பாதையில் வேலைக்குப் போனேன். அது அதைவிடக் கேவலம்.

நாளை சீக்கிரம் கிளம்பி அந்த நுழைவாயிலில் நிற்கப் போகிறேன். அந்த அக்கா பஸ்ஸைப் பிடித்துவிட்டாலும் பரவாயில்லை, மறுநாளும் நிற்பேன். ஹாரன் அடித்தது நான்தான் என்பதை எப்படியாவது நானே சொல்லிக்கொள்கிறேன்.

உங்களிடம் நான் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. இதை மட்டும் கேட்கிறேன். நாளை கண்ணாடியை இறக்கும்போது மறுபடியும் நேராகப் பார்த்துக்கொண்டே போய்விடப் பார்ப்பேன். அப்போது கொஞ்சம் பக்கத்தில் இருங்கள், அப்பா. “ஏறுங்கக்கா” என்று மட்டும் என்னைச் சொல்ல வையுங்கள்.