நின்றால் அணையும் வண்டி

ஜூன் 9, செவ்வாய்

இன்றும் அணைந்தது. பள்ளிக்கூடத் திருப்பத்தில் முன்னால் பஸ் நின்றதால் பிரேக்கை மிதித்தேன். எஞ்சின் குலுங்கி அடங்கிவிட்டது. ஓடுகிறவரை ஒரு குறையும் இல்லை. நின்றால்தான் உயிர் போகிறது. சாவியைத் திருப்பத் திருப்ப வெறும் இருமல். பின்னால் ஹாரன். குருவி பின் இருக்கையிலிருந்து, "அம்மா, காருக்கும் வீசிங்கா?" என்றாள்.

சிரித்துவைத்தேன். வேறு பிள்ளை கேட்டிருந்தால் வேடிக்கைதான். இவளுக்கு ஏழு வயது. மூச்சுக்குழல் இறுகினால் உதடு நீலம் பாரித்துவிடும். போன முறை ஆம்புலன்ஸ் வந்துசேர்வதற்குள் எனக்கே மூச்சு நின்றுவிட்டது. "மருந்துப் புகை பிடிச்சும் அடங்கலேன்னா காத்திருக்காதீங்க, தூக்கிட்டு வந்துடுங்க" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

எதில் தூக்கிக்கொண்டு போவது? இதில்தான்.

ஜூன் 11, வியாழன்

நான் வேலைபார்க்கும் கண்ணாடிக் கடையில் லீவு சொல்லிவிட்டு மெக்கானிக்கிடம் போனேன். பானெட்டைத் திறந்து ஒரு திருகைத் திருகினார். வண்டி உறுமியது. நிற்கும்போது எஞ்சின் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்பதற்கான திருகாம். கூட்டிவைத்துவிட்டாராம். "இனிமே அணையாதுங்க."

ஜூன் 14, ஞாயிறு

கப்பலில் வேலைபார்க்கும் என் வீட்டுக்காரர் போனில் பேசினார். "அந்த ஓட்டை வண்டிய ஓரமா நிறுத்து. நான் வந்து பாத்துக்கறேன்." அவர் வரும்போது மழைக்காலமே முடிந்திருக்கும். குருவிக்கு மழைதானே ஆகாது? அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் லைன் போய்விட்டது.

ஜூன் 20, சனி



வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திச் சாவியை உருவினேன். சாவி கையில் இருக்கிறது, எஞ்சின் ஓடுகிறது! வண்டி முழுக்க உதறுகிறது, தடதடவென்று, பேய் பிடித்த மாதிரி. குருவியை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். பிறகு தானாகவே பெருமூச்சு விட்டு அடங்கியது.

மாடியிலிருந்து நாத்தனார் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா. நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், கூப்பிடுகிற நாட்களில். தண்ணீர் மோட்டார் விஷயத்தில் முட்டிக்கொண்டதிலிருந்து எங்களுக்குள் பேச்சு அவ்வளவாக இல்லை.

"அடுப்ப அணைச்சாலும் எரியுதுன்னா, அதுபக்கம் குழந்தைய விடுவியா?" என்றார்.

"வேற எதுல கூட்டிட்டுப் போறது, நீங்களே சொல்லுங்க."

கதவைச் சாத்திக்கொண்டார். எனக்குத்தான் அழுகை வந்தது. என்ன பண்றது நான்? யார்கிட்ட கேக்கறது?

ஜூன் 21, ஞாயிறு

மெக்கானிக் தங்கை கல்யாணத்துக்காக வெளியூர் போய்விட்டார். நானே பானெட்டைத் திறந்தேன். எதைத் தொட்டால் என்ன ஆகும் என்று தெரியாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, சுற்றுகிற விசிறியைப் பார்க்கவே விரல்கள் கூசின.

டார்ச் வெளிச்சம் விழுந்தது. அக்கா, கூப்பிடாமலே இறங்கி வந்திருந்தார். நான் குனிந்தபோது முழங்கை எதிலோ இடித்தது. எஞ்சினின் சத்தம் மாறியது.

"அதத் தொட்டதும் சத்தம் மாறுச்சே" என்றார்.

மறுபடி தொட்டேன். பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரம் அனுப்பும் டிஸ்டிரிபியூட்டர். கையால் திருப்பினால் திரும்பியது. மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். மேளச் சத்தத்துக்கு நடுவே கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது அசையவே கூடாதுங்க. போல்ட்டு லூஸு. பொறி நேரந்தவறி விழுது. நான் அதப் பாக்காம வேகத்த மட்டும் கூட்டி வுட்டுட்டேன்."

வந்து பார்க்கிறேன் என்றார். அவர் வரும்வரை வானம் காத்திருக்குமா? எப்படிச் சரிசெய்வது என்று எனக்குச் சொல்லுங்கள், நானே செய்கிறேன் என்றேன்.

ஜூன் 22, திங்கள்

மெக்கானிக் பட்டறைக்குப் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர், அவர் சொன்னபடி, பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டை எடுத்துக்கொடுத்தார். துப்பாக்கி மாதிரி இருக்கிறது. தலைமுடியை இறுகக் கட்டிக்கொண்டேன். அக்கா வாழ்க்கையில் முதல் முறையாக ஓட்டுநர் இருக்கையில் ஏறி, ஸ்டியரிங்கைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

கூட்டிவைத்த திருகை முதலில் குறைக்கச் சொல்லியிருந்தார் மெக்கானிக். குறைத்ததும் எஞ்சின் சாகப் பார்த்தது. "லேசா மிதிங்கக்கா" என்றேன்; லேசாகத்தான் மிதித்தார். லைட்டைக் காட்டினேன். சுற்றுகிற சக்கரம் விட்டுவிட்டு மின்னும் அந்த ஒளியில் அப்படியே நின்ற மாதிரி தெரிந்தது. அதிலிருந்த வெள்ளைக் கோடு, இருக்க வேண்டிய குறியைவிட்டு எங்கோ தள்ளி. டிஸ்டிரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். கை வழுக்கினால் விசிறி. கோடு நகர்ந்து நகர்ந்து குறிக்கு வந்தது. போல்ட்டை இறுக்கும்போது மறுபடி விலகியது. மறுபடி முதலிலிருந்து. முதுகெல்லாம் வியர்வை.

"கால எடுத்துடுங்கக்கா."

எடுத்தார். சத்தம் மிகவும் தாழ்ந்துவிட்டது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

"நின்னுடுச்சா?"

"இல்ல. ஓடுது."

சாவியை எடுக்கச் சொன்னேன். உடனே அடங்கியது.

இருந்தாலும் நம்பிக்கை வரவில்லை. வீட்டு வாசலில் எந்த வண்டியும் நல்ல பிள்ளைதான்.

ஜூலை 3, வெள்ளி

ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

நேற்று மாலை மழை. குருவி வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தவள் பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். மருந்துப் புகை வைத்தேன். அடங்கவில்லை. விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. "அக்கா!" என்று நான் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

அக்கா செருப்புக்கூடப் போடாமல் பின் இருக்கையில் ஏறி அவளை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்தார். கிளம்பினேன்.

ரயில்வே கேட் மூடியிருந்தது.

முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி. கிளட்ச்சை மிதித்துப் பிடித்தேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாக வேண்டும். எடுத்தேன். சத்தம் இறங்கியது. இப்போ போயிடும், இப்போ போயிடும் – வேற எதுவும் மனசுல ஓடல. கூட்ஸ் வண்டி, முடியவே முடியல. பின்னாடி அவ மூச்சு விசில் மாதிரி. "என்னப் பாரு, என் கூட சேந்து இழு, விடு" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த விசிலையும் எஞ்சினையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தேன். எது முதலில் நிற்கும் என்று... இதை எழுதவே கை வரவில்லை.

எஞ்சின் நிற்கவில்லை. கேட் திறந்தது.

ஆக்சிஜன் வைத்தார்கள். விடிவதற்குள் உதட்டில் நிறம் வந்துவிட்டது. டாக்டர், "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா" என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அக்கா என் தோளில் சாய்ந்து தூங்குகிறார்.

ஜூலை 5, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். குருவி சண்டை போடுகிறாள். ரிமோட்டுக்காக. நல்ல அறிகுறி.

ஜூலை 12, ஞாயிறு

"ஓட்டத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான். உனக்கு ஒண்ணுன்னா?" என்று அக்கா காலையில் வந்து நின்றார். மைதானத்துக்குப் போனோம். இத்தனை நாளும் பட்டது ஒரு பயம். பக்கத்து இருக்கையில் கால் பதைக்க உட்கார்ந்து படுவது வேறொரு பயம். கிளட்ச்சை வெடுக்கென்று விட்டார். வண்டி ஒரு துள்ளுத் துள்ளி அணைந்தது.

"அணைஞ்சுபோச்சு" என்றார், என்னைக் குற்றம் சொல்கிற மாதிரி.

"அணைச்சது நீங்க."

பின் இருக்கையில் குருவி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு இருமலானது. நானும் அக்காவும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம்.

வெறும் சிரிப்புத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ, அத்தை" என்றாள்.