உன் மனுவின் கால் தாள்

இன்று காலை அச்சகத்திலிருந்து புதுக் கார்டுக் கட்டு வந்தது. பிரித்ததும் மை வாசனை அடித்தது, உன் ஞாபகம் வந்துவிட்டது. சண்டை முடிந்தது, வெள்ளைக்காரன் போனான், கொடியும் மாறியது. இந்தக் கார்டில் மட்டும் ஓர் எழுத்தும் மாறவில்லை. 'வருந்துகிறோம். தங்கள் மனு ஃபைலில் வைக்கப்பட்டுள்ளது. தேவைப்படும்போது அழைப்போம்.' பெயருக்கு ஒரு கோடு. அன்று அந்தக் கோட்டில் பெயரை டைப் அடித்தவன் நான். இன்று அடியில் கையெழுத்துப் போடுகிறேன். முன்னேறியிருக்கிறேன், பார்.

தூத்துக்குடியில் இருந்த கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் ஒன்று விடாமல் மனுப் போட்டாய். வந்த பதில்களை நூலில் கோத்து நம் அறை ஆணியில் மாட்டினாய். மற்றவர்கள் இல்லை என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் ஆபீஸ் கார்டு ஒன்றுதான் உனக்குப் பிடித்திருந்தது.

மாதச் சம்பளம் வந்தால்தான் மகளையும் பேத்தியையும் அனுப்புவேன் என்று எட்டயபுரத்து மாமனார் பிடிவாதமாக நின்றார். பிறந்த பிள்ளையை நீ ஒரே முறைதான் பார்த்திருந்தாய். அப்போது உன் தாய்மாமா உப்பளத்தில் மேஸ்திரி வேலை பேசி முடித்தார். மாமனாரும் அரைமனதாகச் சம்மதித்தார். நீதான் மாட்டேன் என்றாய். அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதையாகிவிடும் என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

அதே வாரம் ஆபீசில் நடந்ததை உன்னிடம் நான் சொல்லவில்லை. சண்டைக் காலம், காகிதத்துக்குத் தட்டுப்பாடு. பழைய மனுக்களின் பின்பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறதே, நாலாக வெட்டிச் சரக்கு வைக்கும் கிட்டங்கிக்குச் சீட்டாக அனுப்பு என்று ஹெட்கிளார்க் உத்தரவு போட்டார். வெட்டினேன். கத்தரிக்கோலுக்கு நடுவே உன் சாய்வெழுத்து வந்தது. அதற்குள் மூன்று துண்டு சீட்டுக் கட்டோடு போய்விட்டது. 'தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்' என்று நீ கையெழுத்துப் போட்டிருந்த கடைசித் துண்டை மட்டும் பைக்குள் திணித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை திரேஸ்புரம் கரையில் வைத்துச் சொல்லிவிடத்தான் உன்னைக் கூட்டிப்போனேன். உப்பளத்துக்கே போயேன் என்று ஆரம்பித்தேன். நீ சிரித்தாய்.

"ஏலே, ஃபைல்ல இருக்குன்னு எழுதியே குடுத்திருக்கான்லா. நாளைக்கு அவன் கூப்பிடும்போது நான் உப்பளத்துல நின்னா நல்லாவா இருக்கும்?"

உன் நம்பிக்கையில் மண்ணைப் போட மனம் வரவில்லை என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். விஷயம் வெளியே போனால் என் வேலை போகும் என்று பயந்தேன், அவ்வளவுதான்.

உப்பள வேலை வேறொருவனுக்குப் போயிற்று. நாலு மாதம் காத்திருந்துவிட்டு, கொழும்பில் பார்க்கிறேன் என்று கருவாடு ஏற்றிய தோணியில் ஏறினாய். கார்டு வந்தால் தந்தி அடி என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாய். தோணி கொழும்பு போய்ச் சேரவில்லை.

ஆடி கழிந்து உன் மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள். வேலையோ உதவியோ கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"அண்ணாச்சி, அவுக மனு இங்கன ஃபைல்ல பத்திரமா இருக்குன்னு சொல்லுவாக. அவுக கையெழுத்துன்னு எங்கிட்ட ஒரு காயிதம் கூட இல்ல. அத மட்டும் தாங்க, பிள்ளைக்குக் காட்டணும்."

துண்டு என் பையில்தான் இருந்தது. கொடுத்தால் மீதி எங்கே என்று கேட்பாள். கை பைவரைக்கும் போய்த் திரும்பியது. ஃபைல் சென்னைக்குப் போயிருக்கிறது, வந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்றேன். அவளும் உன்னைப் போலவே நம்பினாள்.

இன்றைக்கு முப்பது கார்டு கையெழுத்தாக வேண்டும். ஒவ்வொன்றிலும் ஃபைல் என்ற வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன். மேலே இருப்பவர் கேட்டால் கேட்கட்டும். உன் துண்டு மடித்த இடத்தில் இற்றுப்போயிருக்கிறது. உன் பிள்ளைக்கு இப்போது எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியுமாம். நான் இன்னும் சொல்லி அனுப்பவில்லை.