குடை மாமா வராத படம்

என் பக்கத்து நாற்காலிக்காரனே, அன்புக் குமரேசா,

உன் முதலாண்டு நினைவுக் கூட்டம் போன ஞாயிறு மாலை நம் குடியிருப்பின் பொது அறையில் நடந்தது. சாமந்தி மாலைக்குள் உன் படம். அடையாள அட்டைக்கு எடுத்தது போலிருக்கிறது, சிரிக்காமல் இருக்கிறாய். நடந்ததை வேறு யாரும் உனக்கு ஒழுங்காகச் சொல்லப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன். கோபத்தில் இருக்கிறேன். கோபம் வந்தால் நான் கத்துவதில்லை, உறைந்துபோவேன் என்பது உனக்குத் தெரியும். நீ இருந்திருந்தால், "மச்சான் ஐஸ் பொட்டி மாரி குந்தினுகீறான், யாரும் கிட்ட போவாதீங்க" என்று உன் மனைவி வசந்தாவை எச்சரித்திருப்பாய்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். நீ கள்ளிக்குப்பத்துக்காரன், அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு உதிரிபாகம் விற்றவன். நான் தஞ்சாவூரிலிருந்து நீ படித்த கல்லூரிக்கே படிக்க வந்து, ஊர் திரும்பாமல் இங்கேயே பொருளாதாரம் கற்பித்துக்கொண்டிருப்பவன். நசரத்பேட்டையில் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து ஒருநாள் நீ பெட்டி நிறைய டிஸ்க் வாங்கி வந்தாய். எல்லாம் ஹாலிவுட் பேசத் தொடங்கிய காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்கள். கொலை, துப்பறிதல், இடையிடையே சிரிப்பு. அதன் பிறகு நம் ஞாயிறு பிற்பகல்கள் அவற்றுக்கே போயின.

நான் நாயகனைப் பார்த்தேன். நீ அவன் பின்னால் நின்றவர்களைப் பார்த்தாய். ஸ்டுடியோக்கள் சம்பளத்துக்கு வைத்திருந்த அந்தச் சின்ன நடிகர்கள் இந்தப் படத்தில் ஓட்டல் மேலாளராக வருவார்கள், அடுத்த படத்தில் காவலராக, அதற்கடுத்ததில் பிணமாக. பெயர்ப் பட்டியலில் பலருக்குப் பெயரே இருக்காது. ஆகவே நீ வைத்தாய். எல்லோரையும் அதட்டும் பத்திரிகை ஆசிரியருக்கு 'அவசரம்'. வாசல் மணி அடித்ததும் உலகமே தன் தலையில் ஏறிவிட்டதுபோல் மூச்சுவிட்டுக் கதவைத் திறக்கும் வேலைக்காரம்மாவுக்கு 'பெருமூச்சு'.

பிறகு அந்த வழக்கம். நம் தியேட்டர்களில் நாயகன் தோன்றும்போது கிழித்த காகிதத்தை வாரி இறைப்பார்கள் அல்லவா, அதை நீ திருப்பிப் போட்டாய். நாயகன் வரும்போது நாம் முறுக்கு தின்ன வேண்டும். பெருமூச்சு கதவைத் திறக்கும்போது காகிதம் பறக்க வேண்டும். "ஈரோவுக்குக் கொட்றதுக்கு ஊரே கீது மச்சான். இந்தம்மாவுக்கு யாரு கீறாங்க?" என்றாய். நான் முறுக்கைக் கீழே வைத்துவிட்டுக் காகிதம் கிழிக்க உட்கார்ந்தேன்.

வசந்தாவுக்கு உரியவர் குடை மாமா. மாளிகைக் கொலைப் படத்தில் அவர் வக்கீலின் குமாஸ்தா. மழையில் வந்து, பணக்காரர் வீட்டுக் கம்பளத்தின் மேல் ஈரக் குடையை நிதானமாக உதறுவார். ஓரமாக உட்காரச் சொல்வார்கள், உட்காருவார். அவர் அங்கே இருப்பதையே எல்லோரும் மறந்துவிடுவார்கள். கடைசியில் கொலைகாரர் அவர்தான். வசந்தா எந்தப் படத்தையும் முழுதாகப் பார்த்தவள் இல்லை. "ஏ வசந்தா, உங்க குடை மாமா வந்துகினு கீறாரு" என்று நீ குரல் கொடுத்ததும், ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வருவாள். உன் கையிலிருக்கும் காகிதத்தைப் பிடுங்கி இறைத்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவாள்.

மருத்துவமனையிலும் நீ வழக்கத்தை விடவில்லை. பெரிய டாக்டர் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாய். தரை துடைக்கும் அம்மா வாளியோடு நுழைந்தபோது செய்தித்தாளின் ஓரத்தைக் கிழித்து அவர்மேல் தூவினாய். அந்தக் கையில் மிச்சமிருந்த வலு அவ்வளவுதான். "இன்னா சார் இது, கல்யாணமா? நான்தான மறுபடியும் பெருக்கணும்" என்றார் அவர். ஆனால் தலையில் விழுந்த துண்டை அவர் தட்டிவிடவில்லை. அதை நீ கவனித்தாயா?

நினைவுநாளுக்கு வசந்தா கேட்டது ஒன்றுதான். "அந்த மாளிகைப் படத்தப் போடச் சொல்லுங்கண்ணே. அவுரு பேரச் சொல்லி ஒரு தபா குடை மாமாவுக்குக் கொட்டிட்டேன்னா போதும் எனக்கு." குடியிருப்புச் சங்கச் செயலாளர், எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி டிஸ்க்கை வாங்கிக்கொண்டார்.

வசந்தா கைக்குட்டையில் காகிதம் முடிந்துகொண்டு வந்தாள். எனக்கும் உன் மகளுக்கும் ஆளுக்கொரு பிடி கொடுத்தாள். படம் ஓடியது. நாயகன் வந்தான், நாயகி வந்தாள், மழை வந்தது. வாசல் மணி அடித்தது. மூவரும் கையை உயர்த்தினோம். அடுத்த நொடி திரையில் பிணம் கிடந்தது.

என் நினைவுதான் பிசகிவிட்டதோ என்று உட்கார்ந்திருந்தேன். "மாமா, குடை மாமா இன்னும் வரலையே?" என்று உன் மகள் காதருகில் கேட்டாள். வசந்தா கையை இறக்கவே இல்லை. கடைசிக் காட்சியில் போலீசார் குடையோடு நின்ற ஒருவரின் கையைப் பிடித்தார்கள். "யாருங்க இவரு, புதுசா?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்க, அறையே சிரித்தது. "அதான் சஸ்பென்ஸ்" என்றார் செயலாளர். வசந்தா காகிதத்தைப் போடவில்லை. சிரிப்புக்கு நடுவில் எப்படிப் போடுவாள்?

விளக்கு எரிந்ததும் செயலாளர் என்னிடம் வந்தார். "எப்படி சார்? சாப்பாடு ஆறிடக்கூடாதுன்னு பாதியா குறைச்சிட்டோம். கதைக்குத் தேவையில்லாத ஆளுங்களை மட்டும்தான் எடுத்தோம்."

"கொலை செய்தவரையே எடுத்திருக்கீங்க."

"கடைசில காட்டிட்டோமே சார்."

குமரேசா, நீ ஆயுள் முழுக்க யாரைக் கொண்டாடினாயோ, அவர்களை மட்டும் ஒருவர் விடாமல் தேர்ந்தெடுத்து வெளியேற்றிவிட்டு, உன் பெயரால் ஒரு மாலையை நடத்தி முடித்திருக்கிறார்கள். அதில் அவர்களுக்கு வஞ்சகம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். முழுப் படத்தையும் திரையிட அடுத்த ஞாயிறு அறை கிடைக்குமா என்று கேட்டேன். "பேப்பர் குப்பை போடுறதா இருந்தா கமிட்டி ஒத்துக்காது சார்" என்றார். நன்றி என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லுக்கே அவர் இரண்டடி பின்வாங்கினார்.

படிக்கட்டில் வசந்தா கையை விரித்துப் பார்த்தாள். காகிதம் வியர்வையில் ஊறி உருண்டையாகியிருந்தது.

"அண்ணே, உங்க ஊட்ல டிஸ்க் மிஷினு ஓடுதா?"

"ஓடும். குமரேசன் தட்டற மாதிரி ரெண்டு தட்டு தட்டணும்."

"குப்ப போட்டா அண்ணி திட்டுவாங்களா?"

"திட்டுவா."

"அப்ப சரி, நானும் அவர அப்டித்தான் திட்டுவேன். எங்க ஊட்டு மாரியே இருக்கும். வரேன்" என்றாள். அன்று மாலை அவள் முதல்முறையாகச் சிரித்தாள்.

செயலாளர் திருப்பித் தந்த டிஸ்க்கோடு உன் பெட்டி இப்போது என் அலமாரியில் இருக்கிறது. பூந்தமல்லி சாலையில் மெட்ரோத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே பேருந்தில் போகும்போது, ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இவற்றுக்கு நீ என்ன பெயர் வைத்திருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். போன வருடம் நீ அந்தப் பக்கம் நுழைந்தபோது, வாசலில் யாராவது காகிதம் போட்டார்களா? அவசரமும் பெருமூச்சும் நினைவாக வந்திருந்தார்களா?

வரும் ஞாயிறு பிற்பகல் படத்தை முழுதாகப் போடுகிறேன். பெயர்ப் பட்டியலைக்கூடத் தாண்டவிடமாட்டேன். நாயகன் வரும்போது முறுக்கு தின்போம். மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், உன் குரல் எனக்கு வராது என்றாலும், நீ கூப்பிட்ட வார்த்தைகளிலேயே அடுப்படிப் பக்கம் திரும்பி வசந்தாவைக் கூப்பிடுவேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு. விழுந்த காகிதத்தை மறுநாள் நானே பெருக்குகிறேன்.

வசந்தாவுக்கு அண்ணன், உன் மகளுக்குத் தாய்மாமன்,
ஆகவே என்றும் உன் மச்சான்,
செல்வநாயகம்