கருவாட்டுக்காரி வைத்த நலங்கு

என் வாயாடி ராசாத்தி ரஞ்சிதம் அண்ணிக்கு,

உயிரோடு இருந்தவரை உன்னை ‘வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிட்டேன். புருஷனுக்கு அக்கா ஆயிற்றே, வேறு வழி? இனிமேல் ‘நீ’தான். கோபம் வந்தால் நேரில் வந்து கேள், பார்க்கலாம்.

சேதி இதுதான். உன் மகள் திவ்யாவுக்குக் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை நல்ல பையன், காது மட்டும் கொஞ்சம் பெரிசு. முதல் நலங்கு யார் வைத்தது தெரியுமா? சொல்கிறேன், அவசரப்படாதே. அங்கே உனக்கு அப்படி என்ன வேலை?

என் தோல் உனக்குத் தெரியும். உள்ளங்கை, முழங்கை, தலை என்று செதில் செதிலாக உரியும். சொரியாசிஸ் என்று பெயராம். அந்தப் பெயர் தெரியவே பல வருஷம் ஆயிற்று. கடப்பாக்கம் ரோட்டோரம் கருவாடு விற்கிறவள் நான். “உன் கருவாட்ட விட நீதான்டி நல்லா காஞ்சிகீற” என்று கிண்டல் செய்வாய். செய்துவிட்டு என் கையால் பிசைந்த சோற்றையே வாங்கித் தின்பாய். அதனால் உன்னை மன்னித்தேன்.

மற்றவர்களுக்கு மன்னிப்பு கிடையாது. இந்தப் பக்கத்தில் வைத்தியம் தெரியாதவன் ஒருத்தனும் இல்லை. பஸ் கண்டக்டர்கூட டிக்கெட்டோடு சேர்த்து ஒரு பத்தியம் கொடுத்தான். கத்திரிக்காய் கூடாது, மீன் கூடாது, கருவாட்டை மோந்துகூடப் பார்க்கக் கூடாது. விற்கிற சரக்கையே மோந்து பார்க்காமல் எப்படி விற்பதாம்? உன் ஓரகத்தி சரோஜா, சொத்தைப் பல்லைப் பிடுங்கப் பயந்து வருஷக்கணக்காகக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரிகிறவள், அவளும் எனக்கு வேப்பிலை அரைக்கிற பக்குவம் சொல்லிக்கொடுத்தாள்.

நீ மட்டும் லேசுப்பட்டவளா? மாமல்லபுரம் ரோட்டில் கூடாரம் போட்டிருந்த மீசைக்கார வைத்தியனிடம் பொடி வாங்கி வந்தாய். ஒரே வாரத்தில் தோல் வழவழவென்று ஆனது. நீ சந்தோஷத்தில் கோயிலில் உப்பும் மிளகும் கொட்டினாய். பொடி தீர்ந்துபோய்த் தேடிப் போனால், கூடாரம் இருந்த இடத்தில் ஒரு மாடு படுத்திருந்தது. அதற்கப்புறம் உடம்பு முழுக்கச் சிவந்து வெடித்தது. முதலிலேயே அந்த மாட்டிடம் கேட்டிருந்தால் நல்ல யோசனை சொல்லியிருக்கும்.

என்னை அந்தக் கோலத்தில் பார்த்துக்கொண்டேதான் நீ போய்ச் சேர்ந்தாய். அந்த நெஞ்சுவலிக்கு அப்படி என்ன அவசரம், அண்ணி?

உன் பதினாறாம் நாளில் எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காபி. எனக்கு மட்டும் பேப்பர் கப். சரோஜாவின் ஏற்பாடு.

“உன் கைக்கு சூடு ஆவாதேன்னுதான்” என்றாள்.

“ஏன், பேப்பர் கப்புல ஊத்துனா காபி ஆறிப்பூடுமா இன்னா?”

அதே வாயால் திவ்யா கல்யாணப் பேச்சையும் எடுத்தாள். “நலங்குக்கு நீ முன்னாடி வராத. மாப்ள வூட்டுக்காரங்க பாத்தா இன்னா நெனப்பாங்க? உன் வூட்டுக்காரரு சீர்த்தட்டு எடுத்தாரட்டும். நீ உள் ரூம்ல நகப்பொட்டியப் பாத்துகினு இரு.”

தாய்மாமன் பெண்டாட்டிதான் முதல் நலங்கு வைக்க வேண்டும், அது நம் வழக்கம். நகைப் பெட்டியைக் காக்க இந்தக் கை ஆகும், பெண்ணுக்கு மஞ்சள் பூச ஆகாது. எப்பேர்ப்பட்ட மூளை!

திவ்யா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். மறுநாள் ஸ்கூட்டியோடு என் கடை முன்னால் வந்து நின்றாள்.

“அத்தே, ஏறு.”

“எங்கடி?”

“செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு. அம்மாவும் இல்ல. நீயும் உள் ரூம்ல குந்திகினா நான் மணையில ஒக்கார மாட்டேன். கை இப்டியே இருந்தாலும் நீதான் வெக்கணும். ஆனா இந்த அரிப்போட நீ இன்னும் எத்தினி நாள் தூங்காம கெடப்ப?”

தோல் டாக்டர் சின்னப் பெண். கையுறைகூடப் போடாமல் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

“இது ஒட்டாதும்மா.”

“கருவாடு துன்னலாமா மேடம்?”

“தாராளமா. யார் வேணாம்னு சொன்னது?”

“ஊரே சொல்லிச்சி.”

“ஊரு எந்த காலேஜ்ல படிச்சுது?”

அங்கேயே அவளைத் தத்தெடுத்துக்கொள்ளலாம் போல இருந்தது அண்ணி.

களிம்பு கொடுத்தாள். ஒரு பெட்டிக்குள் நிற்க வைத்து உடம்புக்கு வெளிச்சம் காட்டினார்கள். வாரத்தில் ஒரே நாள் போடுகிற மாத்திரை, நடுநடுவே ரத்தப் பரிசோதனை. மாத்திரையைத் தினமும் விழுங்கினால் நேரே உன்னிடம் வந்துவிடுவேன் என்கிற மாதிரி மிரட்டினாள். “அடங்கும். ஆனா பூராவும் போகாது, திரும்ப வரலாம்” என்றும் சொன்னாள். இத்தனை வருஷத்தில் ‘போகாது’ என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான். அதனாலேயே அவளை நம்பினேன்.

முதலில் தூக்கம் வந்தது. பிறகு மெல்ல மெல்லச் செதில் அடங்கியது. உள்ளங்கையில் ரேகை இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது, அண்ணி. கடையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது நீ எங்கே போனாய்?

சிங்கப்பெருமாள் கோயில் மண்டபத்தில் நலங்கு. சரோஜா என் கையைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக வந்தாள். “அட, கை பளபளன்னு கீதே! நீதான மொதல்ல வெக்கணும், ஏன் பின்னாடி நிக்கற?” உள் ரூம், நகைப் பெட்டி எதுவும் அவளுக்கு ஞாபகமில்லை. பாவம், வயசாகிறது.

நான்தான் வைத்தேன். திவ்யா அழுதாள். “அழாதடி, மஞ்சா கரையுது” என்றேன். எனக்கும் கரைந்தது.

அடுத்தது சந்தனம். நலங்கு வைத்தவள் சுற்றி நிற்கிற பெண்களுக்கும் பூச வேண்டும். பூசியதைத் துடைத்தால் அபசகுனம். இரண்டு கையிலும் அள்ளினேன். சரோஜாவுக்குக் கன்னம், கழுத்து, கை என்று ஒரு இடம் விடவில்லை. வெள்ளையடிக்கிற மாதிரி பூசினேன். மாப்பிள்ளை வீட்டார் கண் முன்னால் துடைக்க முடியாமல் சிரித்துக்கொண்டே நின்றாள். கொஞ்ச நேரத்தில் சந்தனம் காய்ந்து அவள் முகத்திலிருந்து செதில் செதிலாக உதிர்ந்தது.

“அரிக்குதுடி” என்றாள்.

“சொறியாத சரோஜா, பரவிடும்” என்றேன்.

நீ இருந்திருந்தால் மண்டபமே இடிந்து விழுகிற மாதிரி சிரித்திருப்பாய்.

நேற்று என் மணிக்கட்டில் மறுபடி ஒரு புள்ளி வந்திருக்கிறது. வரட்டும், ஆஸ்பத்திரி பஸ் எனக்குத் தெரியும். இனி இந்தக் கையை முந்தானைக்குள் ஒளிக்கப் போவதில்லை. திவ்யாவுக்குப் பிள்ளை பிறந்தால், தோல் உரிந்தாலும் சரி உரியாவிட்டாலும் சரி, நான்தான் காலில் போட்டுக் குளிப்பாட்டுவேன். வெந்நீர் மொண்டு ஊற்ற சரோஜாவை வைத்துக்கொள்கிறேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் தம்பியைக் கட்டிக்கொண்டு மாரடிக்கும்,
உன் பாக்கியம்.