அழிக்கும் கட்டளை வேண்டாம் என்றேன்

என் அன்புக்குரிய உங்களுக்கு,

இங்கே நான் நலம். அத்தை நாத்தனார் வீட்டுக்குப் போயிருக்கிறார், கால்வலி தேவலையாம். ஒழுகிக்கொண்டிருந்த சமையலறைக் குழாயை நானே சரிசெய்துவிட்டேன்.

போனில் சொல்லத்தான் நினைத்தேன். “மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்” என்றீர்கள். அதனால் எழுதுகிறேன்.

அங்கே வேலைக்குப் போகும்போது நீங்கள் நம் ஆபீசில் விட்டுப்போன மருத்துவமனை மென்பொருள் என் தலையில்தான் விடிந்தது. நோயாளிக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று, கட்டிலுக்கு ஒன்று என்று தனித்தனியாக நீங்கள் எழுதியதையெல்லாம் எடுத்துவிட்டு, எல்லா வகைக்கும் பொதுவாக ஒரே இடைமுகம் வைத்தேன். சேர், தேடு, திருத்து என்று மூன்றே கட்டளைகள், அவ்வளவுதான். எந்த வகைத் தகவல் என்பதைப் பயன்படுத்தும் இடத்தில் சொன்னால் போதும். அழிப்பதை மட்டும் தனி இடைமுகமாகப் பிரித்தேன். தேவைப்படும் வகைக்குத்தான் அது கிடைக்கும்.

மேனேஜர் விடவில்லை. “அழிக்கறதும் எல்லாத்துக்கும் ஒரே மாதிரி இருந்துட்டுப் போகட்டுமேம்மா” என்றார். காலாவதியான மருந்தையும் மனுஷரையும் ஒரே பட்டனில் அழிக்க விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

போன மாதம் ரத்தம் கொடுப்பவர்களையும் சேர்க்கச் சொன்னார்கள். புது வகை, அதே இடைமுகம், அழிப்பதை மட்டும் கொடுக்கவில்லை, மதியத்துக்குள் முடிந்தது. வீடு மாறிப்போன ஒருவரை நீக்கிவிட மருத்துவமனை நர்ஸம்மா பார்த்திருக்கிறார். வழியில்லாததால் ‘வெளியூர்’ என்று திருத்தி வைத்தார். நேற்று பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. கிடைப்பதற்கு அரிய ரத்த வகை. தேடினால் அந்த ஒருவர் பெயர்தான் வந்தது. போன் போட்டார்கள், பக்கத்து ஊர்தானாம், வண்டியெடுத்து வந்துவிட்டார். “தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்கம்மா” என்று நர்ஸம்மா கூப்பிட்டுச் சொன்னார்.

ஆபீசில் கைதட்டினார்கள். பிறகு அவரவர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நான் உங்கள் இடத்தைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நாற்காலியில் வேறு யாருடைய ஸ்வெட்டரோ தொங்கியது. வீட்டுக்கு வந்து, மீந்திருந்ததைச் சூடாக்கி, சாப்பிடாமலே மூடி வைத்தேன்.

வேலையை இன்னும் இரண்டு வருஷம் நீட்டித்துக்கொண்டீர்களாமே, அத்தை சொன்னார். என்னிடம் சொல்ல உங்களுக்கு நேரம் கிடைத்திருக்காது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். நான் செய்ததில் ஏதாவது குறை தெரிந்தால், அதையாவது நீளமாகத் திட்டி ஒரு பதில் எழுதுங்கள்.

என்றும் உங்கள்
மனைவி