கார்த்திகாவின் கவிதையை யார் எழுதியது?

என் ஜெயக்காவுக்கு,

மன்னித்துக்கொள். இறந்தவர்களுக்குப் பேப்பரில் வரும் கடிதங்களை நீ சத்தமாக வாசித்துச் சிரிப்பாய். "போனவங்களுக்கு எதுக்குட்டீ தபால்?" என்பாய். இப்போது நானே எழுதுகிறேன், அதுவும் நாலு பேர் பார்க்கும்படி. முகம் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிறவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

கரமனையில் மளிகைக் கடை மாடியில் நீ தொடங்கிய ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கிறது. நீ காய்ச்சலில் போனதோடு நின்றுவிடும் என்று நினைத்தேன். பிள்ளைகள் வந்து படியில் உட்கார்ந்துகொண்டார்கள், நான் கதவைத் திறந்தேன், அவ்வளவுதான். உன் முறையை மாற்றவில்லை. டப்பாவில் இருந்து மூன்று சொற்களை எடுப்போம். மூன்றும் வரும்படி அடுத்த வாரம் கவிதை கொண்டுவர வேண்டும். வீட்டில் யாரிடமும் உதவி கேட்கக் கூடாது என்ற உன் விதியும் அப்படியே இருக்கிறது.

போன மாதம் வந்த சொற்கள் கயிறு, மீன்முள், ஜன்னல். ஆறாம் வகுப்புக் கார்த்திகா இதைக் கொண்டுவந்தாள்:

கொடிக்கயிற்றில் அப்பாவின் சட்டை இல்லை.
மீன்முள்ளை நானே எடுக்கப் பழகிவிட்டேன்.
ஒருக்களித்த ஜன்னலுக்குத்தான்
இன்னும் விஷயம் தெரியாது.

வாசித்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. பாதி மலையாளத்தில் பேசுகிறவள். பாதி திறந்த ஜன்னலை 'ஒருக்களித்த' என்று சொல்ல அவளுக்கு எங்கிருந்து தெரியும்? வரிகளைப் போனில் போட்டுத் தேடினேன், எதுவும் கிடைக்கவில்லை. பிறகு உன்னையும் சந்தேகப்பட்டேன். டப்பாவில் இருந்த சொற்கள் உன் கையெழுத்து. போவதற்கு முன்னால் நீயே அவளுக்கு எழுதிக் கொடுத்தாயோ?

அடுத்த வாரம் எல்லார் முன்னாலும் கேட்டேன். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

"இதை யாரு எழுதித் தந்தா?"

"நான்தான் மிஸ்."

"ஒருக்களிச்சன்னா என்ன?"

அவள் தரையைப் பார்த்தாள். பின்னாலிருந்து அபிலாஷ், "போன்ல நோக்கி எழுதியிருக்கும் மிஸ். கள்ளி," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் அதட்டவில்லை. எனக்குள்ளும் அதே எண்ணம்தானே ஓடிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு கார்த்திகா வரவில்லை. உன் நினைவுநாளில் பிள்ளைகள் கவிதை வாசிக்கப்போகிறார்கள். அவள் பெயரை எடுத்துவிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் அவள் வீட்டுக்கே போனேன். உண்மையைச் சொன்னால், மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. கண்டுபிடிக்கத்தான் போனேன்.

அவள் அம்மா ஹோட்டலில் மாவரைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். வேலைக்கென்று வேறு ஊருக்குப் போன அப்பாவிடமிருந்து பல மாதமாகச் சேதி இல்லையாம். நான் கேட்டதும் அவர் மறைக்கவே இல்லை.

"அவ மலையாளத்துல சொல்லுவா டீச்சர். நான் நம்ம பேச்சுல திருப்பிச் சொல்லுவேன். அவ எழுதிக்கிடுவா. எனக்கு எழுத வராதுல்லா. அது தப்பாக்கும்?"

"ஜன்னல் யார் சொன்னது?"

"ஜன்னலுக்குத் தெரியாதுன்னு சொன்னது அவதான். ஒருக்களிச்சதுன்னு நான் சொன்னேன். அது எப்பவும் அப்படித்தான நிக்கி."

அப்போதும் நான் நம்பவில்லை, அக்கா. இருவரும் பேசி வைத்திருக்கலாமே. மனதில் தோன்றிய ஒரு சொல்லைக் கொடுத்தேன்: குடை. கார்த்திகா என்னைப் பார்க்காமல் சுவரிடம் சொல்வதுபோல் சொன்னாள்: "மழ போயிட்டும் குட கரயுன்னு."

அவள் அம்மா கைத்தண்டையில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டியபடியே சொன்னார்: "மழை விட்ட பொறவும் குடை அழுதுட்டே நிக்கி."

"ஞாயிற்றுக்கிழமை வா" என்று மட்டும் சொன்னேன்.

"கள்ளின்னு விளிச்சாங்க மிஸ். நீங்க ஒண்ணும் சொல்லல," என்றாள் கார்த்திகா.

இப்போதும் யோசிக்கிறேன், அந்தக் கவிதை யாருடையது? மகளுடையது என்றால் பாதிப் பொய். அம்மாவுடையது என்றாலும் பாதிப் பொய். நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? முதலில் நம்பிவிட்டு, அப்புறம் கேட்டிருப்பாய் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வீட்டில் கேட்காதே என்று விதி போட்டவள் நீதானே. நீயும் யாரையோ சந்தேகப்பட்டுத்தானே அதைப் போட்டிருப்பாய்?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நாளை மறுபடியும் அந்த வீட்டுக்குப் போவேன். நினைவுநாளில் பிள்ளைகள் எல்லார் முன்னாலும், அபிலாஷ் முன்னாலும், நான் தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று சொல்வேன். குரல் நடுங்கும், பரவாயில்லை. மகள் மலையாளத்தில் சொல்லட்டும், அம்மா பக்கத்தில் நின்று தமிழில் சொல்லட்டும். இருவர் பெயரையும் சேர்த்து வாசிப்பேன்.

அதற்கு உன் விதியை எடுத்தாக வேண்டும். அதனால்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன். இன்றுவரை யார் கேட்டாலும் "ஜெயக்காவோட வகுப்பு" என்றுதான் சொல்கிறேன். அக்கா, இந்த வகுப்பை எனக்குக் கொடுத்துவிடேன்.

உன் தங்கச்சி,
முத்துச்செல்வி