ஐம்பது சைக்கிளில் உன் குரல்

என் அருமை மச்சான் செந்திலுக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. இங்கே அமெரிக்காவில் நம் மில்பிடாஸ் அப்படியேதான் இருக்கிறது. காற்று திரும்பினால் அதே குப்பைமேட்டு வாடை. ஆனால் ஆபீஸ்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. பாஸ்கருக்கு வேலை போய்விட்டது. எனக்கு இன்னும் போகவில்லை. அதனால் மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தாலே மேசையைக் காலி செய்ய ஆரம்பித்துவிடுகிறேன்.

பாஸ்கர் வீட்டில் இருப்பதால் ஒரு நல்லதும் நடந்தது. நம் 'கடைசி எக்ஸிட்' ஆல்பத்தை சிடியாகப் போடும் வேலையைத் தொடங்கிவிட்டோம். ஆஸ்பத்திரியில் நீ என்னிடம் வாங்கிய சத்தியம் நினைவிருக்கிறதா? அதில்தான் ஒரு சிக்கல்.

இந்தக் கடிதம் தமிழ்ச் சங்க மலரில் வருகிறது. ஆமாம், நம் மைக்கை அணைத்த அதே சங்கம்தான். படிக்கிறவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்லப் போகிறேன். அலுத்துக்கொள்ளாதே.

தொண்ணூற்று மூன்றில் தமிழில் ராக் ஆல்பம் போட வேண்டும் என்று நீதான் ஆரம்பித்தாய். நீ பாட்டும் கிட்டாரும், பாஸ்கர் கீபோர்டு, ரமேஷ் பேஸ், நான் டிரம்ஸ். உனக்கு ஸ்பூல் டேப்பில்தான் பதிய வேண்டும் என்று பிடிவாதம். ஊரில், கோபியில் உன் சித்தப்பாவின் மைக் செட் கடையில் ஒரே மாதிரி இரண்டு பழைய ஸ்பூல் ரெக்கார்டர்கள் சும்மா கிடந்தன. ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாய். பெட்டி எடை கூடியதால் உன் அம்மா கட்டிக் கொடுத்த ஊறுகாய் அங்கேயே தங்கிவிட்டது. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அது 220 வோல்ட் மெஷின், இங்கே 110. டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டினோம். பாஸ்கர் வீட்டு கராஜில் சுற்றிலும் கம்ஃபர்ட்டர் என்கிற தடித்த போர்வைகளைத் தொங்கவிட்டு, சனிக்கிழமைப் பகல்களில் பதிந்தோம். சரக்கு ரயில் வந்தால் நிறுத்துவோம். அது போய்த் தொலைய எவ்வளவு நேரம் ஆகும், அதற்குள் ரமேஷ் எத்தனை சமோசா தின்பான்! ஆனால் நீ கண்ணை மூடிக்கொண்டு 'மழை பெய்யாத ஊர்' பாடியபோது நான் ஒரு அடியைத் தவறவிட்டேன். அது டேப்பில் இன்னும் இருக்கிறது.

இங்கே நம் ஆல்பத்துக்குக் கிடைத்த வரவேற்பு ஊருக்கே தெரியும். சங்கத்தின் தீபாவளி விழாவில் இரண்டாவது பாட்டு முடிவதற்குள் மைக் நின்றது. ஒரு அங்கிள் மேடையேறி வந்து தோளைத் தட்டினார். "குட் ட்ரை தம்பி. நெக்ஸ்ட் இயர் லைட் மியூசிக் ட்ரை பண்ணுங்க." கேசட்டுகள் இந்தியன் ஸ்டோரில் துவரம் பருப்புக்குப் பக்கத்தில் தூசி பிடித்துக் கிடந்தன.

ஆனால் ஊரில் நடந்தது வேறு. ஸ்பூலை உன் சித்தப்பாவுக்கு அனுப்பினாய். அவர் தன்னிடமிருந்த இன்னொரு மெஷினில் ஓட்டிக் கேசட் அடித்துக் கொடுக்க, அது கோயமுத்தூர் காலேஜ் ஹாஸ்டல்களுக்குப் போனது. அங்கே பையன்கள் அழுதார்களாம். உன் குரலில் இருக்கும் கனத்தையும் சோகத்தையும் பற்றிக் கடிதம் கடிதமாக எழுதினார்கள். நீ ஒவ்வொன்றையும் ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்தாய்.

அப்படி அழுதவர்களில் ஒருத்தி கவிதா. உன் ஜாதகம் வந்தபோது, "அந்தப் பாட்டுக்காரருங்களா?" என்று கேட்டு உடனே சரி சொன்னவள். கல்யாணமாகி இங்கே வந்த வாரம், பாஸ்கர் வீட்டு பாட்லக் விருந்தில் நம் கேசட்டைப் போட்டோம். இரண்டு வரி கேட்டுவிட்டு உன்னிடம் கேட்டாள்.

"ஏனுங்க, இது யாரு பாடறது? உங்க தம்பிங்களா?"

அப்புறம் தன் கைப்பையிலிருந்த கோயமுத்தூர் கேசட்டை எடுத்துப் போட்டாள். யாரோ ஒரு தடித்த குரல் ஆசாமி, சாப்பிட்டுவிட்டு ஈஸி சேரில் சாய்ந்தபடி உன் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். என் டிரம்ஸ் மாட்டுவண்டி வேகத்தில் போனது.

பாஸ்கருக்குத்தான் முதலில் உறைத்தது. இங்கே மின்சாரம் நொடிக்கு அறுபது சைக்கிள், ஊரில் ஐம்பது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், சைக்கிளை மாற்றாது. அந்தப் பழைய மெஷினின் மோட்டார் இந்தச் சைக்கிள் கணக்கைப் பார்த்துத்தான் ஓடும். இங்கே வேகமாகப் பதிந்தது அங்கே மெதுவாக ஓடியிருக்கிறது. நால்வரும் எஞ்சினியர்கள். நீ எலெக்ட்ரிகலில் மெடல் வாங்கியவன். டிகிரியைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம் மச்சான்.

எல்லோரும் சிரித்தோம். நீ சிரிக்கவில்லை. காரில் வரும்போது சொன்னாய்: "நம்ம ஆல்பத்தைக் கேட்டதே ஊர்ல இருக்கறவங்கதான் மாப்ள. அவங்களும் கேட்டது என்னை இல்லையே." வீட்டுக்குப் போனதும் ஃப்ரிட்ஜிலிருந்த கடிதங்களை எடுத்துவிட்டாய்.

கடைசியாக ஆஸ்பத்திரியிலும் அதையேதான் பிடித்துக்கொண்டிருந்தாய். "சிடி போடறப்ப ஸ்பீடை கரெக்ட் பண்ணிடு. அந்தத் தூங்குமூஞ்சி நான் இல்ல. சத்தியம் பண்ணு." பண்ணினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பாஸ்கர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனோம். சரியான வேகத்தில், இரைச்சல் எல்லாம் நீக்கி, முதலில் கவிதாவுக்குக் கேட்கக் கொடுக்கலாம் என்று. உன் நிலா கார்பெட்டில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். இப்போது கிண்டர்கார்டன் போகிறாள், முன்பல் ஆடுகிறது. 'மழை பெய்யாத ஊர்' ஓடியது. நீ நேரில் நிற்பது போல இருந்தது எனக்கு. கவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நிலா தலையைத் தூக்காமல் கேட்டாள். "யூசுப் அங்கிள், ஹூ இஸ் தட்?"

"உங்க அப்பா டா கண்ணா."

"நோ," என்றாள். அவ்வளவுதான். மறுபடி வரைய ஆரம்பித்துவிட்டாள்.

ஒரே வருடத்தில் மறந்துவிட்டாளா? இதையெல்லாம் யாருக்காகச் செய்கிறோம்? பாஸ்கர், வேகத்தை ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த கவிதாவின் பழைய கேசட்டைப் போட்டான்.

நிலா கிரேயானை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். ஸ்பீக்கரின் துணியில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

"தட்ஸ் அப்பா. மை ஸ்லீப்பிங் சாங்."

நான் கவிதாவைப் பார்த்தேன். அவள் அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்: "தெனமும் இவளத் தூங்க வெக்கறப்ப இப்படித்தாங்ணா பாடுவாரு. கொரலைக் கீழ எறக்கி, மெதுவா. மொதல்ல எனக்காவத்தான் ஆரம்பிச்சாரு. யூசுப் அண்ணன்கிட்ட சொல்லிராத, கிண்டல் பண்ணியே கொன்னுருவான்னாரு."

திருட்டுப் பயலே. எங்களிடம் அந்தக் குரலைத் திட்டிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு அதையே பாடியிருக்கிறாய். அப்படியானால் ஹாஸ்டல் பையன்கள் கேட்டது யாரை? நீ கழற்றிய அந்தக் கடிதங்கள் எங்கே? கிண்டல் பண்ணத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஆனால் எழுத எழுத உன் மேல் ஆசைதான் பொங்குகிறது.

ஆகவே கேட்டுக்கொள். மற்ற பாட்டுகள் எல்லாம் நீ சொன்ன வேகத்தில்தான் வரும். சத்தியம் சத்தியம்தான். 'மழை பெய்யாத ஊர்' மட்டும் கோயமுத்தூர் கேசட்டில் இருக்கிறபடியே வரும். அதில் கைவைக்க மாட்டேன், வைக்கவும் விடமாட்டேன். என் டிரம்ஸ் அதில் தூங்கி வழியும். வழியட்டும். அதற்குள் நிலாவும் தூங்கியிருப்பாள்.

உன் மாப்ள,
கவிதாவின் அண்ணன், நிலாவின் மாமா,
யூசுப்